காலனி போர்டு

வெள்ளைப் பிளாஸ்டரைக் கிழித்து சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் கருப்பு மார்க்கரால் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்டர்தான். மருந்துக்கடையில் வாங்கி வந்து, கூட வேலை செய்யும் அக்கா தன் மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பார். செஞ்சியில் திண்டிவனம் சாலையில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை. பகலெல்லாம் அந்தப் பாறை வாங்கிய சூட்டைச் சாயங்காலம் எங்கள் மேல்தான் இறக்கும். சுவரில் அடித்த பலகைகளில், வகைக்கு ஒன்றாக மாதிரிப் போர்டுகள் வரிசையாக நிற்கும். தளவானூர், சீயமங்கலம், தொண்டூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர். புதிதாக ஒரு வகைப் போர்டு செய்தால், அது முதலில் எந்த ஊரில் போய் உட்கார்ந்ததோ அந்த ஊர்தான் அதற்குப் பெயர். வரிசையின் தலையில், மற்றவற்றைவிடப் பெரிதாக, ஒரு மூலையில் எப்போதோ புகைந்த கருப்புத் தழும்போடு ஒரு போர்டு நின்றது. அதன் பிளாஸ்டரில் 'காலனி' என்று எழுதியிருந்தது. எந்த ஊர்க் காலனி என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். எல்லா ஊருக்கும் வெளியே ஒன்று இருக்கிறதே.

வேலையில் சேர்ந்த அன்றே அதைப் பார்த்தேன். எந்தக் காலனி என்று அக்காவிடம் கேட்டேன்.

"தொண்டூர் போற வழியில இன்னாவோ ஒரு ஊரு. ஏன்?"

"அது என் தெரு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்டியா? அப்ப அது பொகைஞ்சதுக்கு நீதான் காரணமா?"

இப்படித்தான் எனக்கு அக்காவைப் பழக்கம். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆபீஸில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். சீயமங்கலம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பாலிடெக்னிக் முடித்துவிட்டு போர்டுகளைச் சோதிக்கும் வேலைக்கு வந்தவர். அவர் பாஸ் என்று எழுதினால்தான் எதுவும் ஆபீஸை விட்டு வெளியே போகும். யாரிடமும் இனிமையாகப் பேசி நான் கேட்டதில்லை. என் தெரு எது என்று தெரிந்த பிறகும் என்னிடம் அதே மாதிரிதான் பேசினார். இதைச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது. என் தெரு தெரிந்தவுடன் குரலை மாற்றிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் குரலை உயர்த்துவார்கள், சிலர் திடீரென்று அன்பாகிவிடுவார்கள். இரண்டாவது வகையை எனக்கு இன்னும் பிடிக்காது.

நாங்கள் செய்தது பால் அளக்கும் மெஷின். கிராமத்துப் பால் சேகரிப்பு மையத்தில் வைப்பது. பாலை எடை போட்டு, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்து, அந்தக் கணக்கை மேலே பால் சங்கத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். முதல் மெஷின் தயாரானபோது அதை ஊருக்குள் இருந்த மையத்தில் வைக்க ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. புது மெஷின், தப்பாக அளந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அவர்களே ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள். முதலில் காலனியில் வைத்துப் பார்க்கட்டும். அங்கே தப்பாக அளந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. அப்படித்தான் அது என் அத்தை வீட்டு முன்னறைக்கு வந்தது. அத்தை எங்கள் தெருவில் முதலில் மாடு வாங்கியவர். நைனாவின் தங்கை. அதுவரைக்கும் எங்கள் பெண்கள் பாலைத் தூக்கிக்கொண்டு ஊர் மையத்துக்குப் போவார்கள். ஊர்க்காரர்கள் ஊற்றி முடிக்கும்வரை ஓரமாக நிற்க வேண்டும். பிறகு எங்கள் பெண்களின் பாலைத் தனிக் கேனில் வாங்குவார்கள். "மாடு ஒரே புல்லைத்தானே மேயுது, எதுக்குத் தனிக் கேனு" என்று அத்தை ஒருமுறை கேட்டதற்கு வழக்கம் என்றார்களாம். மெஷின் எங்கள் தெருவுக்கு வந்த பிறகு எங்கள் பெண்கள் அந்த ஓரத்தில் நிற்பதை நிறுத்தினார்கள். சமத்துவம் வந்துவிட்டது என்றெல்லாம் எழுதமாட்டேன். நிற்பதை நிறுத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அது சின்ன விஷயம் என்று சொல்பவர் ஒரு நாள் போய் நின்று பார்க்கட்டும்.

என் வேலை கெர்னல். மெஷினுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற புரோகிராம் அது. மேலே ஓடும் மற்ற புரோகிராம்கள் எடை கேட்டால், அச்சடிக்கச் சொன்னால், கெர்னல்தான் சிப்பிடம் பேசி அதைச் செய்து கொடுக்கும். எங்கள் போர்டுகள் எல்லாவற்றிலும் ஒரே வகைச் சிப்தான். ஆனால் அந்தச் சிப்பைச் சுற்றி ஒவ்வொரு போர்டிலும் கம்பிகள் வேறு மாதிரி ஓடும். ஒன்றில் எடைத் தராசு சிப்பின் ஒரு காலில், அதாவது பின்னில், இணைந்திருக்கும், இன்னொன்றில் அந்தக் காலில் பிரிண்டர் இருக்கும். மோட்டார் ஒன்றுதான், கிணறு வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எப்படி ஓடும் என்பதை ஒரு இடத்தில் எழுதினால் போதும். எந்தக் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் இறக்கியிருக்கிறது என்பதை மட்டும் கிணற்றுக்குக் கிணறு எழுத வேண்டும். உலகம் முழுக்க இந்த வேலை செய்பவர்கள் பட்டுப் பட்டு இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் வரவில்லை. எங்கள் ஆபீஸில் புதுப் போர்டு வந்தால், பழைய போர்டின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, புது ஊர்ப் பெயர் வைத்து, ஓடுகிற வரைக்கும் அங்கங்கே தட்டிக் கொட்டிவிடுவார்கள். மோட்டாரும் கிணறும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். நான் சேருவதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

இதனால் என்ன ஆகும் என்றால், ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் அதை ஒவ்வொரு ஊரிலும் போய்த் திருத்த வேண்டும். தொண்டூரில் திருத்தியதைத் தளவானூரில் மறந்துவிடுவார்கள். காலனி போர்டில் பால் ஊற்றியதும் கூவுகிற சங்கு ஒன்று இருந்தது. பிறகு வந்த எந்தப் போர்டிலும் சங்கு கிடையாது. ஆனால் எல்லா ஃபோல்டரிலும் சங்கை ஊதச் சொல்லும் வரிகள் மட்டும் பத்திரமாக இருந்தன. இல்லாத சங்கை ஊதிவிட்டு, ஊதி முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் சீயமங்கலம் மெஷின் சீட்டு அச்சடிக்கும். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று அங்கிருந்து புகார் வந்தபடி இருக்கும். அக்கா போனை எடுத்துச் சொல்வார்: "கொஞ்சம் பொறுங்கண்ணே, உள்ள சங்கு ஊதுறாங்க."

அப்போதுதான் சங்கத்தின் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். இனிமேல் பழைய முறையில் அனுப்பும் கணக்கை வாங்கமாட்டோம், பாதுகாப்பான புது முறையில்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு கெடு வைத்தார்கள். எங்கள் பழைய கெர்னலுக்கு அது தெரியாது. எல்லா மெஷினுக்கும் புதுக் கெர்னல் ஏற்ற வேண்டும். புதுக் கெர்னல் ஏறாத மெஷின் பாலை அளக்கும், கணக்கு மேலே போகாது. கணக்குப் போகாத மையத்தை மூடிவிடுவார்கள். எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. கத்தமாட்டார். எல்லோரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். ஃபோல்டர் ஃபோல்டராகப் புதுக் கெர்னலுக்கு மாற்ற நேரம் இல்லை, அதனால் காலனி போர்டை விட்டுவிடலாம் என்றார். ஒரே ஒரு இடத்தில்தான் அது இருக்கிறது, பழசு, மெமரியும் குறைவு, அந்த மையத்தில் ஊற்றுபவர்கள் பக்கத்திலேயே இருக்கிற ஊர் மையத்தில் போய் ஊற்றிக்கொள்ளலாமே என்றார்.

பக்கம்தான். நடந்து போகிற தூரம்தான். தூரம் பிரச்சினை என்று நாங்கள் என்றைக்குச் சொன்னோம்?

நான் எழுந்து பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தில் நிற்பதையும், தனிக் கேனையும், அத்தையையும். அக்காவும் அந்த ரூமில்தான் இருந்தார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. "எனக்கு இது தெரியாதுப்பா. நாம இதைச் செய்யணும். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குதே. காலனியை மட்டும் தனியா ஒரு ஃபோல்டர்ல வச்சிருவோம், 'ஸ்பெஷல்'னு பேர் போட்டு. ஒரு ஆறு மாசம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து டீ கிளாஸோடு மாடிப்படியில் நின்றிருந்தார்.

"யோவ், உனக்கு அறிவு இருக்குதா?"

"ஏன்க்கா?"

"எதுக்குய்யா உன் தெருக் கதையெல்லாம் அங்க எடுத்து வுட்ட? பாவம்னு ஆறு மாசம் குடுத்துருக்காரு. ஏழாவது மாசம் பாவம் தீந்துடும். அப்ப இன்னா பண்ணுவ, மறுபடியும் போய் அழுவியா?"

"நான் அழல."

"அவரு அழுதாரு இல்ல, அதான். ஊருல தனிக் கேனு வெச்சான்னு அவ்ளோ நேரம் பேசுற. இவரு தனி ஃபோல்டர் வெச்சா வாங்கிக்கினு வர. போர்டு ஓடுதா ஓடலையான்னு மட்டும் பேசு. ஓடுற போர்டை ஏன் எடுக்கணும்னு அவரு சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ குடியானவர் வீட்டுப் பெண், உனக்கு என்ன தெரியும் என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்டும்விட்டேன். அக்கா டீயைக் குடித்து முடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். உன் அத்தையைக்கூட நான் பாத்ததில்ல. ஆனா அந்த போர்டு என் டெஸ்ட் பெஞ்சுல தெனம் ஓடுது. ஓடுறதை எவன் எடுத்தாலும் எனக்குப் புடிக்காது" என்றார். நன்றாக யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் எங்கள் தெருவுக்காகப் பேசியவர்களில் இரக்கமே இல்லாமல் பேசியது அக்கா ஒருவர்தான். அதனால்தான் அதை என்னால் தாங்க முடிந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய் ஸ்பெஷல் வேண்டாம் என்றேன். வைப்பதென்றால் மற்றதோடு வைக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது. உதவி செய்ய வந்தவனிடம் இப்படிப் பேசுகிறானே என்று நினைத்திருப்பார். "சரி, அப்போ எடுத்துடு. நீயே எடு. இப்பவே" என்றார். குரலில் அன்பு போயிருந்தது. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து காலனி ஃபோல்டரை நீக்கினேன். பிறகு மற்ற ஊர்களுக்கு பில்ட் கொடுத்தேன். எழுதியதையெல்லாம் மெஷின் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் பில்ட். ஏதாவது குறைந்தால் அங்கேயே நின்றுவிடும். தொண்டூர் நின்றது. தளவானூர் நின்றது. சீயமங்கலம் நின்றது. நேற்றைக்குத்தான் செய்து முடித்த புதுப் போர்டும் நின்றது. திரையில் சிவப்பாக வரிசை வரிசையாக ஓடியது. எல்லா வரியிலும் ஒரே புகார். காலனி ஃபோல்டரில் இருந்த கோப்பைக் காணவில்லை.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "என்னப்பா இது?"

நடந்தது இதுதான். காப்பி எடுத்தவர்கள் எல்லாவற்றையும் காப்பி எடுக்கவில்லை. கரண்ட் போய் வரும்போது சிப்பை எப்படி எழுப்புவது, எந்தப் பகுதிக்கு முதலில் மின்சாரம் கொடுப்பது, கடிகாரத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதெல்லாம் கஷ்டமான பகுதி. காலனி போர்டில் அதைப் பலமுறை செத்துப் பிழைத்துச் சரி செய்திருந்தார்கள். அந்தத் தழும்பு அப்படி வந்ததுதான். பின்னால் வந்தவர்களுக்கு அதில் கை வைக்கப் பயம். அதனால் அதை மட்டும் காப்பி எடுக்காமல், தங்கள் ஃபோல்டரிலிருந்து கையை நீட்டி காலனி ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊரும். யாரும் வெளியே சொல்லவில்லை. கரண்ட் போய் வந்ததும் செஞ்சி வட்டாரத்தில் எந்த மெஷின் எழுந்தாலும் அது எங்கள் தெருவிலிருந்து வந்த வரிகளால்தான் எழுந்தது. முதலில் அடிபடட்டும் என்று அங்கே வைத்தார்கள். அடிபட்டுக் கற்றுக்கொண்டதை வாங்கிக்கொண்டார்கள். பிறகு இடம் இல்லை என்றார்கள்.

அக்கா பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், பால் நின்னுபோச்சு."

மேனேஜர் சிரிக்கவில்லை. யோசித்தார். புத்திசாலிதான். "அப்போ ஒண்ணு பண்ணு. எல்லாருக்கும் வேண்டிய அந்தப் பகுதியை மட்டும் வெளியே எடுத்து 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர்ல போடு. மிச்சம் இருக்கிற காலனியை விட்டுடலாம்" என்றார்.

முதல் பாதி முழுக்கச் சரி. எல்லோருக்கும் பொதுவானது பொது இடத்தில்தான் இருக்க வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதியைக் கேட்டதும் மேஜையை விட்டு எழுந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளுவதற்கு 'பொது' என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா? அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். நீக்கியதைத் திரும்ப வைத்துவிட்டேன், இனி எதையும் எடுக்கமாட்டேன், காலனி ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், எல்லா ஊரும் அதன்மேலேயே தொங்கட்டும், எவனாவது தொட்டால் எல்லாம் விழட்டும் என்றேன். அந்தக் கோபம் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

அக்கா ஒரு போர்டில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "விழும்னு பயந்துகினு வுட்டு வெச்சா அது மரியாதையா?"

"பயமாவது இருக்கட்டுமே."

"ரெண்டு நாளைக்கு இருக்கும். அப்புறம் எவனாவது புத்திசாலி வந்து கமுக்கமா அறுத்துட்டுப் போவான். நீ மொதல்ல உன் போர்டை அவனுங்க போர்டு மாதிரி ஆக்கு. அதேமாதிரி, அதே அளவு, அதே லைன்ல. எடுக்கணும்னா எல்லாத்தையும் எடுக்கிற மாதிரி காரணம் சொல்லணும் அவன்."

"நீ சொல்றது சரியா இருக்குது. அதான் எரியுது."

"எரியட்டும். வேலையைப் பாரு."

பார்த்தேன். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பொதுவான வரிகளை எல்லா ஃபோல்டர்களிலிருந்தும் பொறுக்கி ஒரே இடத்தில் வைத்தேன். சங்கை, சங்கு இருக்கிறது என்று சொல்லும் போர்டுக்கு மட்டும் ஊதும்படி மாற்றினேன். ஃபோல்டர்களையே ஒழித்தேன். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரே ஒரு சின்னக் கோப்பு. அதில் கட்டளை எதுவும் கிடையாது, விவரம் மட்டும்தான். நான் இந்தப் போர்டு, என் தராசு இந்தக் காலில், என் பிரிண்டர் இந்தக் காலில், எனக்கு மெமரி இவ்வளவு, எனக்குச் சங்கு உண்டு. அவ்வளவுதான். கெர்னல் எழும்போது அந்த விவரத்தைப் படித்துக்கொண்டு அதன்படி நடக்கும். எந்தப் போர்டும் இன்னொரு போர்டின் வீட்டுக்குள் கையை விடவில்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் அகர வரிசையில் நின்றன. காலனி முதலிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. அகரத்தில் தொடங்கும் ஊருக்குப் பின்னால், சீயமங்கலத்துக்கு முன்னால், அதன் இடத்தில் இருந்தது. அக்கா ஒவ்வொரு போர்டாகப் பெஞ்சில் ஏற்றி, ஸ்விட்சைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். நான் விட்ட தப்பையெல்லாம் ஆபீஸே கேட்கும்படி கத்திச் சொன்னார். நானும் திருப்பிக் கத்தினேன். கீழே உரக்கடைக்காரர் ஒருநாள் ஏறி வந்து, "இன்னாம்மா, சண்டையா, வேலையா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றார் அக்கா.

எல்லாம் ஓடியது. காலனியும் ஓடியது. மேனேஜர் பாராட்டி எழுதினார். ஆனால் வெளியே அனுப்ப வேண்டிய போர்டுகளின் பட்டியலை அவர் அனுப்பியபோது அதில் காலனி இல்லை. முதலில் எடுத்த முடிவை மாற்ற அவருக்கு மனசில்லை. மேலே ஏற்கனவே சொல்லிவிட்டாராம். அந்தப் பட்டியலில் அக்கா பாஸ் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"போடமாட்டேன் சார்."

"ஏம்மா? லிஸ்ட்ல இருக்கிறது எல்லாம் பாஸ்தானே?"

"லிஸ்ட்ல இல்லாததும் பாஸ் சார். என் பெஞ்சுல ஏழு போர்டு ஓடுது, ஆறுன்னு எழுதச் சொல்றீங்க."

"அது டெஸ்டிங் முடிவு செய்யற விஷயம் இல்லம்மா. மேனேஜ்மென்ட் முடிவு."

"அப்ப மேனேஜ்மென்ட்டே பாஸ் போட்டுக்கட்டும். அதை வெச்சிக்கிறதால இன்னா செலவுன்னு சொல்லுங்க. ஒரு ஃபைலு. உங்க விசிட்டிங் கார்டை வுட சின்னது. இன்னா காரணம்னு எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன்."

மேனேஜரால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பழசு என்று எழுதினால், பழசுதான் முழுசாக ஓடுகிறது. வேலை அதிகம் என்று எழுதினால், வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு இடம்தான் என்று எழுதினால், கடைசியாக வந்த புதுப் போர்டும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த ரூமில் என் தெருவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலேயே காலனி பட்டியலில் ஏறியது.

அத்தை வீட்டு மெஷினுக்குப் புதுக் கெர்னலை நானே எடுத்துப் போய் ஏற்றினேன். காலைப் பால் நேரம். வரிசையில் பெண்கள் நிற்கிறார்கள். இது அவர்களுடைய வரிசை, அவர்கள் தெருவில். மெஷின் அணைந்து, திரை கருப்பாகி, கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

"இன்னாடா, சாவடிச்சிட்டியா?" என்றார் அத்தை.

"இரு அத்த."

"படிக்க வெச்சது இதுக்குத்தானா? நல்லா இருந்ததை வந்து தொட்டுக்கினு."

சங்கு கூவியது. முதல் கேன் தராசில் ஏறியது. கணக்கு மேலே போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகச் சீட்டின் அடியில் ஒரு எண் அச்சாகி வந்தது. அத்தை அதைக் கிழித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு, வாங்கடி, அவன் மூஞ்சைப் பாத்துக்கினு நிக்காதீங்க" என்றார். எனக்கு ஒரு டம்ளர் பால்கூடக் கொடுக்கவில்லை.

அக்காவை அந்த வருஷமே சென்னைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள். பெஞ்ச் இல்லாத வேலை. பட்டியலை மட்டும் பார்க்கிற வேலை. அவர் ஒப்புக்கொள்ளாமல் வேலையையே விட்டுவிட்டார். கிளம்பும்போது விழா எதுவும் நடக்கவில்லை. டிராயரிலிருந்த பிளாஸ்டர் சுருளை என் மேஜையில் எறிந்துவிட்டு, "ஓடாத போர்டை வெச்சிருந்தா அதுவும் பொய்யிதான், ஞாபகம் வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இப்போது ஓசூரில் வேறொரு கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கிறார். அவரை அனுப்பியதற்காக என் கம்பெனியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. வேலையை விடாமல் இருப்பது அந்தக் கோப்புகளுக்காக. யார் வந்து எதை எடுக்கச் சொன்னாலும் காரணம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க ஒரு ஆள் அந்த மாடியில் இருக்க வேண்டும். மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். சிப் மாறிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பட்டியலைப் பார்த்து, இது என்ன இவ்வளவு பழைய போர்டு என்று கேட்பார்கள். ஓடுகிறது என்று சொல்வேன். அதற்குமேல் எந்தக் கதையும் சொல்லமாட்டேன். கதை கேட்டு இரங்கி வைத்திருக்க வேண்டிய பொருள் இல்லை அது.

இந்தத் தை மாதம் அத்தை போன் செய்தார். "டேய், பெரிய மிசினு வந்துடுச்சு. பழசைத் தூக்கினு போ, எடம் அடைக்குது."

"யார் குடுத்தாங்க?"

"யாரு குடுப்பான்? எங்க தெருவுல இப்ப ஊருக்குள்ளதை வுட பாலு அதிகம். சின்ன மிசினு பத்தலன்னு சங்கத்துல போய் ஒக்காந்தோம். பொம்பளைங்க எல்லாரும். குடுக்காம எழுந்திருக்க மாட்டோம்னோம். குடுத்தான்."

அன்று மதியம் ஆபீஸில் உட்கார்ந்து காலனி போர்டின் கோப்பை நானே நீக்கினேன். ஏன் நீக்குகிறோம் என்று எழுத ஒரு இடம் உண்டு. 'இதை வைத்திருந்தவர்கள் இதைவிடப் பெரியது கேட்டு வாங்கிவிட்டார்கள்' என்று எழுதினேன். பிறகு எல்லா ஊருக்கும் பில்ட் கொடுத்தேன். தளவானூர் நிற்கவில்லை. சீயமங்கலம் நிற்கவில்லை. எதுவும் நிற்கவில்லை.

ஓசூருக்குப் போன் போட்டேன். அங்கே ஏதோ மெஷின் இரைச்சல்.

"இன்னாய்யா, வேலை நேரத்துல?"

"காலனியை எடுத்துட்டேன்க்கா."

"எவன் எடுக்கச் சொன்னான்?"

"எங்க அத்தை."

அக்கா சிரித்தார். அந்த மாடியில் கேட்ட அதே சிரிப்பு. "மத்ததெல்லாம் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வை போனை" என்றார். அவர் வைப்பதற்கு முன்னால் அத்தையின் புது மெஷினில் உள்ள போர்டு எங்கள் பட்டியலில் இன்னும் ஏறாத புது வகை என்பதைச் சொன்னேன். அது முதலில் போய் உட்கார்ந்த இடம் எங்கள் தெருதான். எங்கள் வழக்கப்படி அதற்கு அந்த இடத்தின் பெயரைத்தான் வைக்க வேண்டும். இந்த முறை யாரும் சோதனைக்காகக் கொண்டுவந்து வைக்கவில்லை, கேட்டு வாங்கியது.

"அப்ப இன்னா பேரு வெச்ச?"

எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன் என்றேன்.